ஊரடங்கு நிவாரணம்: தருமபுரம், விசுவமடுப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே, கிளிநொச்சி மாவட்டத்துத் தருமபுரத்தில் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். 2020 மார்ச் 20ஆம் திகதி கொரோனாவுக்காக நாடு முழுக்க ஊரடங்கு போட்ட நாளிலிருந்து, கடிதம் எழுதித் தரச் சொல்லியும் படிவம் நிரப்பித் தரச் சொல்லியும் சனம் வந்துகொண்டே இருக்கிறது. கேட்கிற கேள்விகளை ஒரு 80 பக்கக் கொப்பியில் குறித்து வைத்தேன். கொப்பி நிறைந்துவிட்டது. கேள்விகள் என்னவோ இருபதுக்குள்தான்.

இதை எழுதியது 2021 செப்டெம்பரில். பணம், நிபந்தனை பற்றிச் சொல்வதெல்லாம் அந்த நேரத்து நிலைமை. ஆகஸ்ட் 20 இரவு தொடங்கிய தனிமைப்படுத்தல் ஊரடங்கு அப்போது இன்னும் எடுபடவில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பதில்கள் நான் அலைந்து அறிந்தவை.

"டி.எஸ் ஒபிசும் பிரதேச சபையும் ஒண்டுதானே பிள்ளை? ரெண்டும் கவுன்மென்ட் தானே?"

ஒன்றில்லை, ஐயா. பாதிப் பேருடைய அலைச்சல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. டி.எஸ் ஒபிஸ் என்று நாங்கள் சொல்லும் பிரதேச செயலகம் மத்திய அரசின் கை. கொழும்பிலிருந்து வரும் பணம் மாவட்டச் செயலகத்துக்கும், அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கும், பிறகு ஜி.எஸ் (கிராம சேவையாளர்), சமுர்த்தி (அந்த நேரத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு இருந்த அரச உதவித் திட்டம்) உத்தியோகத்தர் வழியாக உங்கள் வாசலுக்கும் வருகிறது. ஊரடங்கு நிவாரணமாகத் தந்த 5,000 ரூபா, 2,000 ரூபா, தனிமைப்படுத்திய வீடுகளுக்கான சாமான் எல்லாம் இந்த வழிதான்.

பிரதேச சபை நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்தது. அதன் கையில் இருப்பவை சந்தை, கடை வாடகை, வியாபார அனுமதிப்பத்திரம், ஆதன வரி, குப்பை, குடிநீர் பவுசர், தெரு விளக்கு. 5,000 ரூபா வரவில்லை என்று தவிசாளரிடம் போனால் அவர் பாவம், ஜி.எஸ்ஸிடம் போகச் சொல்வதைத் தவிர வேறென்ன செய்வார்? சந்தை வாடகையைக் குறைக்கச் சொல்லி ஜி.எஸ்ஸிடம் போனாலும் அதே கதைதான்.

எல்லையும் ஒன்றுபோல இல்லை. கிளிநொச்சியில் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று 4 பிரதேச செயலகங்கள் உண்டு. பிரதேச சபைகளோ 3தான். கண்டாவளைக்குத் தனிச் சபை கிடையாது, நாங்கள் கரைச்சிப் பிரதேச சபைக்குள் வருகிறோம். முல்லைத்தீவில் ஒட்டுசுட்டானுக்குச் செயலகம் இருக்கிறது, தனிச் சபை இல்லை. வீட்டுக்கான நிவாரணத்துக்குச் செயலகம், சந்தைக் கடைக்குச் சபை என்று மனதில் வைத்துக்கொண்டால் பாதி பஸ் காசு மிச்சம்.

"இதுவரைக்கும் எத்தினை தரம் குடுத்தவங்கள்? எங்களுக்கு ரெண்டு தரம்தான் வந்தது."

2020 ஏப்ரலிலும் மேயிலும் 5,000 ரூபா வீதம் இரண்டு தடவை. 2021இல் சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு 5,000. பிறகு ஜூன் மாதப் பயணத்தடையின்போது இன்னொரு 5,000. ஆகஸ்ட் 20இல் தொடங்கிய ஊரடங்குக்கு 2,000 ரூபா.

ஒவ்வொரு தடவையும் பட்டியல் வேறு, நிபந்தனை வேறு. முதல் தடவை கிடைத்தவருக்கு அடுத்த தடவை தானாகவே வரும் என்று எதிர்பார்த்து வீட்டிலிருக்கக் கூடாது. ஒவ்வொரு அறிவித்தலின்போதும் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று ஜி.எஸ்ஸிடம் கேளுங்கள்.

"நாங்கள் சமுர்த்தி எடுக்கிறேல்லை. அப்ப எங்களுக்கு ஒண்டும் இல்லையோ?"

இருக்கிறது. 2020இல் 5,000 கொடுத்தபோது நாடு முழுக்கச் சமுர்த்தி பெறும் சுமார் 18 இலட்சம் குடும்பங்களோடு, சமுர்த்திக்கு விண்ணப்பித்துக் காத்திருப்போர் பட்டியலில் இருந்த சுமார் 6 இலட்சம் குடும்பங்களையும் சேர்த்தார்கள். முதியோர் கொடுப்பனவு, மாற்றுத்திறனாளி கொடுப்பனவு, சிறுநீரக நோயாளர் கொடுப்பனவு பெறுவோரும் அவற்றுக்காகக் காத்திருப்போரும் வந்தார்கள். இவற்றில் எதிலும் இல்லாமல் தொழிலை இழந்த கூலியாட்கள், சிறு வியாபாரிகள், ஓட்டோ ஓடுபவர்களுக்கும் தனியாகப் பெயர் எடுத்தார்கள்.

காத்திருப்போர் பட்டியல் என்றால் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள், "அதில கிடந்து என்ன, வராது" என்று. ஆனால் அவசர நேரத்தில் அரசு முதலில் எடுத்துப் பார்த்தது அந்தப் பட்டியலைத்தான். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 4.1 வீதம். கிளிநொச்சியில் 18.2 வீதம், எல்லா மாவட்டங்களிலும் அதுதான் ஆகக் கூடியது. முல்லைத்தீவில் 12.7. இப்படிப்பட்ட இடத்தில் தகுதி இருந்தும் விண்ணப்பமே போடாதவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் கிராமத்தில் வீடு வீடாகப் போனபோதுதான் எனக்குப் புரிந்தது. போடுங்கள். இன்றைக்கு எடுபடாவிட்டாலும் பெயர் கிடக்கட்டும்.

"இந்த 2,000 ஏன் எங்களுக்கு இல்லை? போன முறை 5,000 எடுத்தனாங்கள்."

இந்தத் தடவை நிபந்தனை தலைகீழ். ஊரடங்கால் வருமானம் இழந்து, அரசிடமிருந்து வேறு கொடுப்பனவு எதுவும் பெறாத குடும்பங்களுக்கு என்றுதான் இதை அறிவித்தார்கள். சமுர்த்தி எடுக்கும் வீட்டுக்கு இல்லை. முந்திய கேள்வியில் சொன்ன தொழிலிழந்த கூலியாட்கள்தான் இதற்கு முன்னுரிமை.

2,000 ரூபா ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாளைக்குப் போதும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பால்மாவும் சீனியும் தேடி அலைந்த அந்த மாதத்தில் அது ஒரு கிழமைக்கே காணவில்லை. அதற்காக வேண்டாமென்று விட்டுவிடாதீர்கள் என்றுதான் கேட்டவர்களுக்குச் சொன்னேன்.

"எங்கட வீட்டைத் தனிமைப்படுத்திப் போட்டாங்கள். சாமான் வரும் எண்டாங்கள், வரேல்லை."

வீட்டில் 14 நாள் தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு 10,000 ரூபா பெறுமதியான உலருணவு என்பது அந்த நேரத்தில் அரசின் ஏற்பாடு. 5,000 ரூபாப் பொதியாக இரண்டு தடவையில் வந்தது. சுகாதாரப் பகுதியினர் உங்களைத் தனிமைப்படுத்திய விபரம் ஜி.எஸ்ஸுக்கும் பிரதேச செயலகத்துக்கும் போய்ச் சேர்ந்தால்தான் பொதி புறப்படும். தாமதம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

ஆகவே பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டில் அறிவித்தல் ஒட்டியவுடனே அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, ஜி.எஸ்ஸுக்கு அனுப்புங்கள். வீட்டில் எத்தனை பேர், பால்குடிப் பிள்ளை இருக்கிறதா, நீரிழிவுக்காரர் இருக்கிறார்களா என்பதையும் எழுதுங்கள். 14 நாள் முடிந்த பிறகும் கேட்கலாம். தனிமைப்படுத்தல் முடிவுக் கடிதத்தைக் கிழித்தெறியாமல் வைத்திருங்கள்.

"அடையாள அட்டை துலைஞ்சு போச்சு. பிறப்புப் பத்திரமும் இல்லை. என்னெண்டு பதியிறது?"

எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். கடிதம் எழுத வருகிற ஒவ்வொருவரும் ஒரு சொப்பிங் பையோடுதான் வருவார்கள். உள்ளே கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கை, வங்கிப் புத்தகம், மீள்குடியேறிய காலத்துக் குடும்ப அட்டை. மடித்த மடிப்பில் எழுத்து அழிந்திருக்கும். சிலருடைய பையில் முகாமில் தந்த அட்டையும் இருக்கும். பலருக்குப் போர் முடிந்த 2009இற்கு முந்திய ஒரு கடதாசியும் மிஞ்சவில்லை.

அடையாள அட்டை தொலைந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எடுங்கள், அப்புறம் ஜி.எஸ் ஊடாகப் புதிய அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பிறப்புப் பதிவே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு, பிரதேச செயலகத்தின் பதிவாளர் பகுதியில் கேளுங்கள். இதெல்லாம் வந்து முடியும் வரை நிவாரணத்தைக் கேட்காமல் இருக்காதீர்கள். அட்டை கையில் இல்லாவிட்டாலும் இலக்கம் தெரிந்தால் போதும். இலக்கமும் தெரியாதவர்களுக்கு, "இவர் என் பிரிவில் வசிப்பவர்" என்று ஜி.எஸ் உறுதிப்படுத்தி அவர்களைப் பட்டியலில் சேர்த்ததை நான் கண்டிருக்கிறேன்.

"வீடு தருமபுரத்தில, கடை விசுவமட்டில. எந்த ஜி.எஸ்ஸிட்டப் போறது?"

பரந்தன் முல்லைத்தீவு வீதியில் ஓட்டோவில் பத்து நிமிடம் போனால் மாவட்டமே மாறிவிடும். தருமபுரம் கிளிநொச்சி மாவட்டம், கண்டாவளைச் செயலகம். விசுவமடு முல்லைத்தீவு மாவட்டம், புதுக்குடியிருப்புச் செயலகம். குடும்பத்துக்கான பணம் நீங்கள் படுத்தெழும்பும் வீடு எந்தப் பிரிவில் பதிவோ அங்கேதான். கடைக்கான விடயம் கடை இருக்கும் இடத்துச் சபையோடு.

இரண்டு இடத்திலும் பதிந்தால் ஒன்றாவது வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வைத்துப் பார்க்கும்போது இரண்டிலுமே பெயர் வெட்டுப்படலாம். வேண்டாம்.

"கலியாணம் கட்டித் தனிய இருக்கிறம். ஆனா பேர் இன்னும் அம்மா வீட்டுக் கார்ட்டில."

அப்படியானால் பட்டியலில் நீங்களும் அம்மாவும் ஒரே குடும்பம். அவர்களுக்குக் கொடுத்தால் உங்களுக்கும் கொடுத்ததாகக் கணக்கு. ஜி.எஸ்ஸிடம் புதுக் குடும்பமாகப் பதியச் சொல்லுங்கள். திருமணப் பதிவுப் பிரதியும், இருக்கும் காணியின் ஒப்பமோ உரிமையாளரின் கடிதமோ கேட்பார்கள். வேறு பிரிவிலிருந்து வந்தவர் என்றால் பழைய ஜி.எஸ்ஸின் கடிதமும் தேவை. ஊரடங்கு வரும்வரை பார்த்திருக்காமல் சாதாரண நாளில் செய்ய வேண்டிய வேலை இது.

"மோட்டச்சைக்கிள் நிக்கிற வீட்டுக்குக் குடுத்திருக்கிறாங்கள். எங்களுக்கு இல்லை. இது என்ன நியாயம்?"

கொப்பியில் அதிகப் பக்கம் பிடித்த கேள்வி இது. கோபம் நியாயமானது. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: உங்களுக்கு ஏன் வரவில்லை என்பது ஒன்று, அவருக்கு ஏன் வந்தது என்பது வேறு. முதலாவதற்குத்தான் விரைவில் தீர்வு கிடைக்கும். மேன்முறையீட்டில் பக்கத்து வீட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர், யார் உழைப்பது, எந்தத் திகதியிலிருந்து வேலை இல்லை, என்ன கடன் இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

மோட்டார் சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அது பெரும்பாலும் லீசிங்கில் எடுத்தது. அதிலே மீன் பெட்டி கட்டி மாத்தளனிலிருந்து மீன் கொண்டுவந்து விற்ற தம்பிக்கு ஊரடங்கோடு தொழில் நின்றது, தவணை நிற்கவில்லை. வாசலில் நிற்கும் வாகனத்தைக் கொண்டு ஒரு வீட்டின் வசதியை அளப்பதை நாங்களும் விட வேண்டும், கணக்கெடுக்கும் உத்தியோகத்தர்களும் விட வேண்டும்.

"அம்மாவுக்குப் பிச்சைச் சம்பளம் வருது. அதால எங்களுக்கு வெட்டுவாங்களோ?"

முதலில் அந்தச் சொல்லை விடுவோம். பொதுசன மாதாந்த உதவி என்பது அதன் பெயர். அதை வாங்கும் எந்தத் தாயும் பிச்சை எடுக்கவில்லை.

அம்மா தனிக் குடும்பமாகப் பதிவாகியிருந்தால் அவருடைய கொடுப்பனவு உங்களைத் தடுக்காது. ஒரே பதிவில் இருந்தால், 2,000 ரூபாவுக்குச் சொன்ன நிபந்தனை இடறும். அதற்குத்தான் இரண்டு கேள்விகளுக்கு முன்னால் பதிவைப் பிரிப்பது பற்றிச் சொன்னேன்.

"சந்தை பூட்டிக் கிடக்குது. கடை வாடகையும் கட்டச் சொன்னால் எங்க போறது?"

இது சபையின் வேலை. சந்தைக் கட்டடம் சபைக்குச் சொந்தமென்றால், பூட்டியிருந்த காலத்துக்கு வாடகையைக் குறைக்கவோ விடவோ சபைக் கூட்டத்தில் தீர்மானம் எடுக்கக் கேட்கலாம். தனித்தனியாகப் போய் நின்றால் "பாப்பம்" என்பதோடு முடியும். எல்லா வியாபாரிகளும் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் தவிசாளருக்கும், அதன் பிரதி செயலாளருக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் கொடுங்கள். சந்தை எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, யாருடைய உத்தரவில் பூட்டப்பட்டது என்று எழுதுங்கள். சபை மாதம் ஒருமுறை கூடும். கூட்டத்துக்கு ஒரு கிழமை முந்தியாவது கடிதம் போயிருக்க வேண்டும்.

சபையின் நிலையையும் யோசிக்க வேண்டும். வாடகையும் அனுமதிப்பத்திரக் கட்டணமும் அதன் சொந்த வருமானம். பவுசருக்கு டீசல் அடிப்பதும் அந்தக் காசில்தான். முழுதாக விட முடியாதென்றால் தண்டப்பணம் இல்லாமல் தவணையாகக் கட்ட விடுங்கள் என்று கேளுங்கள், அது இலகுவில் கிடைக்கும். கடை தனியாருக்குச் சொந்தமென்றால் சபை தலையிடாது, உரிமையாளரோடு பேசி எழுதிக்கொள்வதுதான் வழி.

"வயல்காரருக்கு ஏதும் இருக்கோ?"

ஊரடங்கு நிவாரணம் என்று தனியாக இல்லை. வருமானம் இழந்த குடும்பமாகத்தான் நீங்களும் பதிய வேண்டும். 2021இல் உரம் இல்லாமல் காலபோகத்துக்கு (மாரிகால நெற்செய்கைக்கு) இறங்க வேண்டி வந்த கவலை கமநல சேவை நிலையத்தில் பேச வேண்டியது. அந்தக் கவலை எனக்கும் இருந்தது, எங்களுக்கும் இரண்டு ஏக்கர் இருக்கிறது.

"4 வீத வட்டியில கடன் எண்டாங்கள். பாங்கில கேட்டால் பதிவு இருக்கோ எண்டு கேக்கிறாங்கள்."

2020இல் மத்திய வங்கி கொண்டுவந்த சௌபாக்கியா கொவிட்-19 கடன் வசதி அது. தொழிலுக்கான நடைமுறை மூலதனம், 4 வீத வட்டி, முதல் 6 மாதம் தவணை இல்லை, 24 மாதத்தில் கட்டி முடிக்க வேண்டும். காசு கொடுப்பது உங்கள் வங்கி. ஆகவே வங்கி தன் வழமையான கேள்விகளைக் கேட்டது: வியாபாரப் பதிவு, கணக்கு, பிணை. வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருக்கும், கச்சான் வறுத்து விற்கும், இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கும் பெண்களிடம் இவை எதுவும் இல்லை. எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் அந்தக் கடன் கிடைக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும்.

அடுத்ததற்காவது இப்போதே செய்யக்கூடியது: பிரதேச செயலகத்தில் தனிநபர் வியாபாரப் பதிவு எடுங்கள். செலவு பெரிதில்லை. வரவு செலவை ஒரு கொப்பியில் நாளாந்தம் எழுதுங்கள். விற்ற காசில் கொஞ்சத்தையாவது வங்கிக் கணக்கில் போட்டு எடுங்கள். நாளைக்கு எந்தத் திட்டம் வந்தாலும் இந்த மூன்றையும்தான் கேட்பார்கள்.

"கடனை நிப்பாட்டியாச்சு எண்டு ரேடியோவில சொன்னது. லீசிங்காரர் ஏன் கூப்பிடுறாங்கள்?"

நிறுத்தவில்லை, தள்ளி வைத்தார்கள். 2020 மார்ச்சில் மத்திய வங்கி அறிவித்த 6 மாதத் தள்ளிவைப்பில் சிறு தொழில்களும் சொந்த ஓட்டோ ஓடுவோரின் லீசிங்கும் அடங்கின. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிறகும் நீடித்தார்கள். ஆனால் தள்ளி வைத்த காலத்துக்கும் வட்டி உண்டு. அது பின்னால் வந்து சேரும். பல இடங்களில் எழுத்தில் விண்ணப்பித்தால்தான் தந்தார்கள். விண்ணப்பம் போடாமல் தவணையை நிறுத்தியவர்களுக்குத்தான் பிறகு தண்டப்பணத்தோடு கடிதம் வந்தது.

உங்கள் நிறுவனம் மத்திய வங்கியின் கண்காணிப்பில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டு, கிளிநொச்சியில் இருக்கும் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகத்துக்குப் போகலாம்.

"கிழமைக் கடனும் 2018இல தள்ளுபடி செய்ததுதானே? பிறகேன் கட்ட வேணும்?"

2018இல் தள்ளுபடி செய்தது வேறு. வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்கள், அதுவும் 2018 ஜூன் 30இல் மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்தவை மட்டும். வன்னியின் நான்கு மாவட்டங்களும் அதில் இருந்தன. அதற்குப் பிறகு எடுத்த கடன் எதற்கும் அது பொருந்தாது.

குழுக் கடனில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். ஐந்து பேரும் சேர்ந்து, வேலை தொடங்கும் வரை வட்டி ஏற்றாமல் தவணையை நீட்டித் தரும்படி ஒரே கடிதம் கொடுங்கள். ஊரடங்குக்குள் வீடு தேடி வந்து முற்றத்தில் குந்தியிருந்து காசு கேட்டால் பொலிசில் முறைப்பாடு செய்யலாம். 5,000 ரூபாவை வாங்கிய கையோடு அப்படியே கிழமைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்குப் பால் வாங்கக் காசில்லாமல் நின்ற தாயை நான் பார்த்தேன். அந்தப் பணம் சாப்பாட்டுக்குத் தந்தது.

"கையெழுத்து 5,000க்கு வைச்சம். கையில தந்தது 4,500. ஆரிட்டச் சொல்லுறது?"

எனக்கே நடந்தது. ஓரிடத்தில் சங்கப் பங்குப் பணம் என்று 500ஐக் கழித்துக்கொண்டு தந்தார்கள். பின்னால் நீண்ட வரிசை, வெயில், நான் பேசாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இரவு முழுக்க அது மனதில் கிடந்து உறுத்தியது. மறுநாள் திகதி, நேரம், கழித்த தொகை, சொன்ன காரணம் எல்லாம் எழுதிப் பிரதேச செயலாளருக்குக் கொடுத்தேன். பத்து நாளில் 500 திரும்பி வந்தது. எனக்கு மட்டுமில்லை, அந்த வரிசையில் நின்ற எல்லோருக்கும்.

பெற்ற தொகைக்கு மட்டும் கையெழுத்து வையுங்கள். எண்ணிப் பார்த்த பிறகு வையுங்கள். யாராவது பெயர் சேர்க்கக் காசு கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

"வாயால கேட்டால் 'மேல இருந்து வரேல்லை' எண்டுதான் பதில். என்ன செய்யிறது?"

எழுத்தில் கேளுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வீட்டில் வையுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் உண்டு. "என் பிரிவில் இந்தக் கொடுப்பனவுக்கு எந்த நிபந்தனையில் ஆட்களைத் தெரிவு செய்தீர்கள், என் விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது" என்று தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இதைச் செய்தால் ஜி.எஸ் கோபிப்பார் என்று பயப்படுகிறார்கள். எங்கள் அனுபவத்தில், மரியாதையாக எழுதிய கடிதத்துக்கு ஒருவரும் கோபிக்கவில்லை. சில உத்தியோகத்தர்களுக்கு அந்தக் கடிதம் உதவியாகக்கூட இருந்தது. மேலிடத்துக்குக் காட்ட அவர்களிடமும் ஒரு கடதாசி வேண்டுமே.

"கார்ட் மனுசன்ர பேரில. அவர் 2009இல இருந்து இல்லை. செத்தவர் எண்டு எழுத எனக்கு மனமில்லை. நான் என்னெண்டு எடுக்கிறது?"

அப்படி எழுதத் தேவையில்லை, அக்கா. குடும்பத் தலைவராக உங்கள் பெயரைப் பதிய மரணச் சான்றிதழ் வேண்டியதில்லை. வீட்டை நடத்துபவர் நீங்கள் என்பதை ஜி.எஸ் உறுதிப்படுத்தினால் போதும். கணவரைப் பற்றி முன்பு பொலிசிலோ செஞ்சிலுவைச் சங்கத்திலோ காணாமல்போனோர் பற்றிய ஆணைக்குழுவிலோ முறைப்பாடு கொடுத்த துண்டு இருந்தால் அதன் பிரதியை இணையுங்கள். இல்லாவிட்டாலும் குற்றமில்லை. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரையும் சந்தியுங்கள்.

இப்படிக் கேட்டு வந்த ஓர் அக்காவுக்கு நாங்கள் எழுதிய கடிதத்தில் "கணவர் 2009 மே மாதம் முதல் வீடு திரும்பவில்லை" என்ற ஒரு வரிதான் அவரைப் பற்றி இருந்தது. ஜி.எஸ் அதை வாசித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. பதிவேட்டைத் திறந்து, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரை எழுதினார். கணவரின் பெயரை வெட்டாமல் அதற்குக் கீழே விட்டார். ஜூன் மாதத்து 5,000 பட்டியலில் அக்காவின் பெயர் 41ஆவது.